கால் மில்லிமீட்டர் கொழுப்பு

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு வார்த்தை மண்டையில் ஏற்றப்படும்: கிளியரன்ஸ். ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு பொருட்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி. கூடினால் ஆடும், குறைந்தால் இறுகும். நான் இப்போது கோட் எழுதிப் பிழைக்கிறேன், ஆனாலும் இந்த வார்த்தை விட்டபாடில்லை. 1857ஐப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்த இடைவெளிதான்.

பழைய பிரவுன் பெஸ் மஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். குழலின் உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம். அதில் போடுகிற ஈயக்குண்டு சுமார் 0.69. ஒன்றரை மில்லிமீட்டர் லொடலொடப்பு. ஏன் இவ்வளவு? அன்றைய வெடிமருந்து எரிந்தால் குழலுக்குள் அடை அடையாகக் கரி படியும். பத்துப் பதினைந்து தடவை சுட்ட பிறகும் குண்டு உள்ளே இறங்கவேண்டும் என்றால் தாராளமாக இடம் விட்டே ஆகவேண்டும். அதற்கு விலை, குறி. குண்டு குழலில் முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும், எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது.

ரைஃபிள் இதற்கு நேரெதிர். குழலின் உள்ளே திருகு வரிகள், குண்டு அவற்றைக் கவ்விச் சுழன்று வெளியேற வேண்டும். அதாவது இடைவெளியே கூடாது. 1800 வாக்கில் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளோடு, குண்டை அடித்து இறக்க ஆரம்பத்தில் மரச்சுத்தியலும் கொடுத்தார்கள். நன்றாகச் சுட்டது, ஆனால் நிரப்ப நேரம் பிடித்தது. எதிரி அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டானே.

ஆக, தேவை இதுதான்: போடும்போது சின்னதாகவும் சுடும்போது பெரிதாகவும் இருக்கிற குண்டு.

இதற்கான விடைகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்து போனதாகச் சொல்வார்கள். 1820களில் கேப்டன் ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பைப் பார்க்கிறார். அம்பின் அடியில் நெட்டி மாதிரி மெத்தென்ற தக்கை. ஊதும்போது அது விரிந்து குழலை அடைக்கிறது. அதை வைத்து அடியில் குழிவான குண்டு ஒன்றை அவர் வடிவமைத்தார் என்பது கதை. ராணுவம் ஏற்கவில்லை. 1835ல் வில்லியம் கிரீனர் இன்னொன்று செய்தார், அதையும் ஏற்கவில்லை. 1849ல் பிரெஞ்சுக்காரர் மினியே செய்ததும் பிரிட்டன் 20,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. பிறகு கிரீனருக்கு ஆறுதலாக 1,000 பவுண்டு.

அப்படி வந்ததுதான் 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைஃபிள். குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. குண்டைச் சுற்றி காகிதம், காகிதத்தின் மேல் கொழுப்பும் தேன்மெழுகும். கொழுப்பு இருந்தால்தான் குண்டு வழுக்கி இறங்கும், கரி இளகும். அது இல்லாவிட்டால் இந்த வடிவமைப்பே வேலை செய்யாது.

சரி, யாருடைய கொழுப்பு?

இந்த இடத்தில்தான் என் இன்றைய தொழில் உள்ளே வருகிறது. ஒரு ஸ்பெக்கில் எதை எழுதாமல் விடுகிறோமோ, அதை வேறு யாரோ தன் வசதிப்படி நிரப்புவார்கள். கொழுப்பு என்று எழுதினார்கள். எந்த மிருகத்தின் கொழுப்பு என்று எழுதவில்லை. காண்டிராக்டர் எது மலிவோ அதைத் தருவார், யாரும் சோதிக்கவும் இல்லை. குழலின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்தவர்கள், அதைக் கையில் பிடிக்கப்போகிற மனிதனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்லமுடியாது. தட்பவெப்பத்தில் கொழுப்பு எப்படித் தாங்கும் என்று பார்க்க 1853லேயே சில தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தன. அப்போது வங்காளப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சாதியையும் மதத்தையும் புண்படுத்தாது என்று உறுதியாகும்வரை அவர்களிடம் கொடுக்கக்கூடாது என்று எழுத்திலேயே எச்சரித்தார். எச்சரிக்கை அலுவலக அடுக்குகளில் எங்கோ தங்கிவிட்டது. முன்அனுபவமும் இருந்தது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் வெடித்த கலகத்துக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, தோல் சேர்த்த புதிய தலைப்பாகை. அரை நூற்றாண்டு முன்னால் தோல், இப்போது கொழுப்பு.

1857 ஜனவரியில் தம்தம் பயிற்சி முகாமில் பேச்சு கிளம்பியது: பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. தோட்டாவைப் பல்லால் கடித்துத்தான் திறக்கவேண்டும். கடிக்கிற முனை மருந்து இருக்கிற பக்கம், கொழுப்பு தடவியது குண்டு இருக்கிற பக்கம் என்று ஒரு இன்ஜினியர் வாதிடலாம். சரியான தகவல்தான், ஆனால் அதனால் என்ன? தொட்டாலே தீட்டு என்கிற உலகத்தில் வாழ்பவனிடம் எந்த முனை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதன்பிறகு திருத்தங்கள் வேகமாக வந்தன. கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், நீங்களே நெய்யோ எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். கடிக்கவேண்டாம், கையால் கிழியுங்கள். ஒவ்வொரு திருத்தமும் முதல் சந்தேகம் சரிதான் என்று ஒப்புக்கொள்வது போலவே சிப்பாய்களுக்குத் தெரிந்தது. அடுத்து காகிதத்தின் பளபளப்பு மேல் சந்தேகம் வந்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டது என்ஃபீல்டு தோட்டாவே இல்லை, அவர்கள் பலகாலம் பயன்படுத்திய பழைய வகை. மே 9ல் படை பார்க்க அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 மாலை மீரட் எழுந்தது.

கொழுப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. 1856ல் அவத் பறிக்கப்பட்டது, கடல்கடந்தும் போகச் சம்மதிக்கவேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு அதே வருடம் விதி வந்தது. பல வருடக் கசப்பு. பழைய தோட்டாவையே மறுத்தார்கள் என்பதே அதற்குச் சாட்சி. பிரச்சினை பொருளைத் தாண்டி, கொடுக்கிற கையின் மேல் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இந்திய வெயிலில் கொழுப்பு உருகிவிட, 0.568 குண்டு பல சமயம் குழலில் சிக்கியது. கலகம் அடங்கியபின், 1859ல், குண்டை 0.550 ஆகச் சிறுத்தார்கள். இடைவெளி மூன்று மடங்கு.

அதற்குப் பிறகு பித்தளைத் தோட்டாக்கள் வந்தன, இடைவெளியும் இடம் மாறியது. குண்டு பித்தளைக் கழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சுடும்போது அந்தக் கழுத்து மயிரிழை விரிந்தால்தான் குண்டை விடும், ஆகவே கழுத்துக்கு வெளியே கொஞ்சம் காலி இடம் வேண்டும். வீட்டில் ஈயம் வார்த்துத் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்றைக்கும் அளந்து பார்க்கிற இடம் இது. வார்த்த குண்டு சற்றே பருமன், கழுத்தையும் பருக்கவைக்கும்.

1921ல் அமெரிக்காவில் தேசியப் போட்டிக்காக வெள்ளீயம் பூசிய குண்டுகளை அரசு ஆயுதசாலை தந்தது. வெள்ளீயம் பித்தளைக் கழுத்தோடு பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. போட்டியாளர்கள் பழைய பழக்கத்தில் குண்டைக் கிரீஸில் தோய்த்தார்கள். கிரீஸ் கழுத்தைச் சுற்றியிருந்த காலி இடத்தை நிரப்பியது. விரிய இடமில்லை, அழுத்தம் எகிறியது, சில ரைஃபிள்கள் சிதறின. கிரீஸா, வெள்ளீயமா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. ஜூலியன் ஹாட்சர் தன் 1947 புத்தகத்தில் இதை விரிவாக அலசியிருக்கிறார்.

ஒரு இடத்தில் கொழுப்பு இருந்தே ஆகவேண்டும், இன்னொரு இடத்தில் இருக்கவே கூடாது. இரண்டிலும் வரைபடம் போட்டவர்கள் உலோகத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள், அதைப் பயன்படுத்தும் மனிதனின் பழக்கத்தையும் பயத்தையும் எடுக்கவில்லை. அமெரிக்காவில் உடைந்தவை சில ரைஃபிள்கள். இங்கே டெல்லி, கான்பூர், லக்னோ. டக்கரின் கடிதத்தை 1853ல் யாராவது எடுத்து வாசித்து, கொழுப்பு என்பதை அடித்துவிட்டுத் தேன்மெழுகும் எண்ணெயும் என்று எழுதியிருந்தால் 1857 நின்றிருக்காது. ஆனால் அந்த 85 பேரின் மேல் விலங்கு பூட்ட வேறு ஒரு காரணத்தைத் தேடவேண்டியிருந்திருக்கும்.