34 மி.மீ. ஓட்டை

புனேயில் கார் வைத்திருக்கும் இளவட்டங்களுக்கு ஒரு வியாதி உண்டு. சம்பளம் கொஞ்சம் ஏறியதும் காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். 'பிக்கப் சும்மா பிச்சுக்குது சார்' என்பார்கள். சத்தம் கூடியிருக்கும், அது நிச்சயம். (பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் பாவம் அந்தக் கோன் இழுக்கிறது. கம்பெனிக்காரன் குழாயை ஹெட்லைட் பக்கம் கொண்டுபோய் வைத்தது குளிர்ந்த காற்றுக்காக.)

ஆபீசில் இந்தப் பேச்சு வந்தால் நான் எடுத்துவிடுவது 1995 டொயோட்டா கதை. காற்றுக்காக ஒரு ஆள் எதுவரை போவான் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை அதிகம் தெளிப்பது பெரிய வித்தையில்லை. காற்றை உள்ளே தள்ளுவதுதான் பாடு. ஆகவே ஒரு என்ஜினை அடக்க வேண்டுமானால் மூக்கைப் பிடித்தால் போதும்.

அப்படிப் பிடிக்கும் நிலைமை ராலி பந்தயங்களில் வந்தது. 1986 மே 2 அன்று கோர்சிகா தீவில் ஹென்றி டொய்வோனனும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ க்ரெஸ்டோவும் காரோடு பள்ளத்தில் விழுந்து எரிந்துபோனார்கள். பேய் வேக 'குரூப் பி' கார்களுக்கு அந்த வருடத்தோடு மூடுவிழா. அடுத்து வந்த கார்களும் வருடா வருடம் வேகம் கூட்டிக்கொண்டே போக, டர்போவின் வாயில் ஒரு வளையம் மாட்டச் சொன்னார்கள். ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். எல்லாக் காற்றும் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் டர்போ எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம் கூட அதிகம் வராது. லஞ்சம் வாங்காத காவல்காரன் :-)

1995இல் இந்த ஓட்டையை 38 மில்லிமீட்டரிலிருந்து 34 ஆக்கினார்கள். 4 மி.மீ.தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தில் ஒரு பங்கு காலி.

டொயோட்டா அணி அப்போது செலிக்கா கார்களை ஓட்டிக்கொண்டிருந்தது. முந்தைய வருட சாம்பியன் திதியே ஓரியோல், நாலு முறை சாம்பியனான யூஹா கன்குனென், இருவரும் அதில்தான். அக்டோபரில் ஸ்பெயினின் காட்டலோனியா ராலியில் பரிசோதகர்கள் டர்போவைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது.

அவர்கள் செய்திருந்தது இதுதான். வளையத்தின் ஓட்டை சரியாக 34 மி.மீ.தான். ஆனால் குழாயை மாட்டி கிளிப்பை இறுக்கும்போது அந்த வளையமே சுமார் 5 மி.மீ. நகர்ந்துகொள்ளும். நகர்ந்த இடைவெளியில், ஓட்டைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே நுழையும். கால் பங்கு வரை அதிகம் என்று கணக்கிட்டார்கள். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். பரிசோதகர் அளந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. திருட்டின் தடயத்தைச் சோதனையே அழித்துவிடுகிறது!

நானும் வரைபடத்தோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன், வேலை அபாரம். அன்றைக்கு உலக மோட்டார் விளையாட்டு அமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி கூட அதன் சாமர்த்தியத்தை வியந்து பேசினார். ஆனால் எனக்கு உறுத்துவதும் அதே இடம்தான். ஏதோ அவசரத்தில், பந்தயத்துக்கு முந்தின ராத்திரி யாரோ செய்த சில்லறை வேலையில்லை இது. உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், கடைந்திருக்கிறார்கள், ஸ்பிரிங்கின் பலத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எதிரணிக்காரன் நிஜமாகவே 34இல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது.

நவம்பரில் தீர்ப்பு. அந்த வருடப் புள்ளிகள் மொத்தமும் ரத்து, 12 மாதம் தடை. ஓட்டுநர்களுக்குத் தெரியாது என்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் அவர்களுடைய புள்ளிகளும் போயின. மிச்சமிருந்தது சுபாரு அணியின் கார்லோஸ் சைன்ஸும் காலின் மெக்ரேவும். மெக்ரே கடைசிப் போட்டியை பிரிட்டனில் ஜெயித்து 27 வயதில் உலக சாம்பியன். அவ்வளவு சின்ன வயது சாம்பியன் மறுபடி வர 2022 வரை ஆயிற்று.

டொயோட்டா 1997 ஆகஸ்டில் ஃபின்லாந்தில் கொரோலாவோடு திரும்பி வந்தது. ஓட்டையின் அளவு பிற்பாடு 33 ஆனது. 2017இல் விதியை எழுதுகிறவர்களே அதை 36 ஆக்கினார்கள். 300 குதிரைத்திறன் என்று சொல்லிக்கொண்டிருந்த கார்கள் 380க்குப் போயின.