அறல், அரப்பு, அயர்ன் பெட்டி

டிஸ்கி: நான் பொட்டி தட்டுற ஆளு. தமிழ் வாத்தியாரும் இல்ல, தோல் டாக்டரும் இல்ல. எங்க வீட்ல மூணு தலை சுருட்டை, அதுல ஒண்ணு என்னோடது. இந்தப் பதிவு எழுத அதான் தகுதி :-)

எங்க மல்லசமுத்திரம் பக்கம் சுருட்டை முடியைப் பாத்தா முதல்ல வாயில வர்ற வார்த்தை 'பரட்டை'. 1977ல '16 வயதினிலே' வந்தப்ப ரஜினி பாத்திரத்துக்கே பேரு பரட்டைதான். ஊர்ச் சண்டியருக்கு அந்தப் பேரு எவ்ளோ பொருத்தம்னு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல. சுருட்டைன்னா படியாதது, வாராதது, ஒழுங்கில்லாதது. இது ஆதிகாலத்துல இருந்தே இப்படித்தான்னு நினைச்சீங்கன்னா, இல்லைங்க.

சங்கப் பாட்டுல கூந்தலுக்கு அடிக்கடி வர்ற உவமை 'அறல்'. கோடையில காவிரித் தண்ணி வத்துனதும் மோகனூர்ப் பக்கம் மணல்ல இறங்கிப் பாருங்க. தண்ணி போன தடம் கருமணலோட வரிவரியா, நெளிநெளியா படிஞ்சு கெடக்கும். அதான் அறல். பொருநராற்றுப்படையில பாடினி ஒருத்தியைத் தலையில இருந்து கால் வரைக்கும் வர்ணிக்கும்போது ஆரம்பமே கூந்தல்தான், அதுக்கு உவமை இந்த அறல்தான். நேர்கோடு மாதிரி இருக்குற முடிக்கு யாரும் இந்த உவமையைச் சொல்ல மாட்டாங்க. அப்புறம் 'ஐம்பால்'னு ஒரு சொல். கூந்தலை ஒப்பனை பண்ற அஞ்சு வகை. நிகண்டுக்கு நிகண்டு பட்டியல் கொஞ்சம் மாறும், ஆனா முடி, கொண்டை, குழல், பனிச்சையோட 'சுருள்'னும் ஒண்ணு உண்டு. ஆக, சுருள் ஒரு ஸ்டைல். குறை இல்ல.

சரி, கரண்ட் இல்லாத காலத்துல எப்படிச் செஞ்சாங்க? சிலப்பதிகாரத்துல கடலாடு காதையில இளங்கோவடிகள் மாதவி தலைக்குக் குளிக்கிறதை ஏறக்குறைய செய்முறைக் குறிப்பு மாதிரியே எழுதியிருக்கார். பத்து வகைத் துவர், அஞ்சு வகை வாசனைப் பொருள், முப்பத்திரண்டு வகை மூலிகை எல்லாம் ஊறின தண்ணி. துவர்னா துவர்ப்புச் சரக்கு. கடுக்காய், நெல்லிக்காய், மாந்தளிர்னு உரைகாரங்க கணக்குச் சொல்றாங்க. வாசனை நெய் உண்டு. குளிச்சதுக்கு அப்புறம் புகையில காய வைக்கிறது. கடைசியா முடியை வகை வகையாப் பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் கஸ்தூரிக் குழம்பு பூசுறது. இன்னிக்குச் சுருட்டை முடிக்காரங்க 'செக்ஷன் பிரிச்சு க்ரீம் போடுங்க'ன்னு வீடியோ போடுறாங்களே, அதேதான்!

நெடுநல்வாடையில வாடைக்காலக் குளிர். பொண்ணுங்க மாலை கட்டிக்காம, கூந்தலுக்குச் சில பூ மட்டும் வெக்கிறாங்க. அகிலும் வெள்ளை அயிரும் சேத்துப் புகை போடுறாங்க. எழுதினவர் நக்கீரர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டான்னு இறைவன்கிட்டயே மல்லுக்கு நின்னதா திருவிளையாடல் கதை சொல்ற அதே பேர்க்காரர். வாசனை எங்க இருந்து வருதுன்னு அவர் பாட்டுலயே அகில் புகையா இருக்கு. பின்ன எப்படி ஒத்துக்குவார்?

இதுல என்ன விஷயம்னா, முடி வடிவம் பிடிக்கிறது ஈரத்துலதான். முடியில கெராட்டின் புரதத்தைப் பிடிச்சு வெச்சிருக்குற பிணைப்பு ரெண்டு முக்கியம். ஹைட்ரஜன் பிணைப்பு நம்ம ரேம் மாதிரி. தண்ணி பட்டா அழிஞ்சிடும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அதைத் திரும்ப எழுதிக்கும். டைசல்பைடு பிணைப்பு ஹார்ட் டிஸ்க் மாதிரி. சுருட்டையைத் தாங்கி நிக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு, தண்ணிக்கெல்லாம் அசையாது. அதனால ஈர முடியைச் சுருட்டி அசையாம காய விட்டாலே போதும். புகையோட வெதுவெதுப்பு காயறதுக்கு ஒத்தாசை, அவ்ளோதான். ஸ்ட்ரெய்ட்னர் தட்டு 150ல இருந்து 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். அந்தச் சூட்டுல, அதுவும் தினமும் போட்டா, புரதமே கெட்டுப் போகும். முடி ஈரமா இருந்தா இன்னும் மோசம். உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி முடித்தண்டுக்குள்ளயே குமிழ் விட்டுரும், அந்த எடத்துல பட்டுன்னு ஒடியும்.

வரலாற்றுல எனக்குச் சிரிப்பு வந்த எடம் ஒண்ணு இருக்கு. 1872 வாக்குல பாரிஸ்ல மார்செல் க்ராட்டோன்னு ஒருத்தர், சூடு பண்ணின இடுக்கியால பொண்ணுங்க தலையில அலை அலையா நெளிவு உண்டாக்கிப் பேர் வாங்கினார். 'மார்செல் வேவ்'னு 1920கள் வரைக்கும் ஓடுச்சு. இடுக்கிச் சூட்டைப் பாக்க ஒரு காகிதத்தைக் கடிக்க விடுவாங்க, காகிதம் கருகுச்சுன்னா கொஞ்சம் ஆறணும்னு அர்த்தம். அதாவது, தலைக்குச் சூடு வெக்கிற அந்தக் கருவி ஊர் ஊராப் பரவினது, நம்ம அறலைச் செயற்கையாக் கொண்டு வரத்தான். நெளிவே இல்லாதவங்க நெளிவுக்குச் சூடு வெச்சாங்க. அதைப் பிறவியிலயே வெச்சிருக்குற நாம, அதைத் தேய்ச்சு எடுக்கச் சூடு வெக்கிறோம்.

அகிலும் கஸ்தூரியும் பணக்கார வீட்டு விஷயம். மாதவி தலைக்கு ஆன செலவுல எங்க ஊர்ல ஒரு கல்யாணமே முடிக்கலாம். சாதாரண ஜனங்களுக்கு என்ன இருந்துச்சுன்னா, சேலம் நாமக்கல் பக்கம் அரப்பு. உசிலை மர இலையைக் காய வெச்சு இடிச்ச பச்சைத்தூள். நல்லெண்ணெய் தேச்சு ஊற விட்டு, அரப்பையோ சீயக்காயையோ வடிச்ச கஞ்சியில கரைச்சுத் தேய்ப்பாங்க. சில வீட்ல செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பையும் சேத்துக்குவாங்க. எண்ணெய் முடியை வழுக்க வைக்குது, சப்போனின் அழுக்கை எடுக்குது, கஞ்சி மாவும் செம்பருத்திப் பசையும் மெல்லிசா ஒரு பூச்சு விடுது. இன்னிக்கு கண்டிஷனர், ஷாம்பூ, ஜெல்னு மூணு டப்பாவுல வாங்குறது, அன்னிக்கு ஒரே குண்டாவுல இருந்துச்சு.

அப்புறம் வந்துச்சு பாக்கெட் ஷாம்பூ. கடலூர் சின்னிகிருஷ்ணன்தான் இந்த சாஷே யோசனைக்கு முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல 15,000 ரூபா முதலோட 'சிக்' ஆரம்பிச்சார், 1999ல அது அம்பது பைசாவுக்கே வந்துச்சு. இதை நான் குத்தமாச் சொல்லல. ஆத்துல இருந்து தண்ணி சுமந்து, எண்ணெய் தேச்சு, அரப்பு அலசி முடிக்க அரை நாள் ஆகும். கூலி வேலைக்குப் போற பொம்பளைக்கு அந்த அரை நாளைத் திருப்பிக் கொடுத்தது பெரிய காரியம். ஆனா குண்டாவுல இருந்த மூணுல அழுக்கெடுக்குறது மட்டும்தான் பாக்கெட்டுக்குள்ள வந்துச்சு. நேர் முடிக்கு அது போதும், தலையில சுரக்குற எண்ணெய் அதுவாவே நுனிக்கு இறங்கிடும். சுருட்டையில வளைவுக்கு வளைவு நின்னுடும். எண்ணெயும் இல்ல, பூச்சும் இல்ல, சிலும்பி நிக்கும். பரட்டைப் பட்டம் இவ்ளோ அழுத்தமா ஒட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

சிலும்பினதைச் சரி பண்ண அடுத்தது பார்லர். சொந்தத்துல ஒரு பொண்ணு, கல்யாண போட்டோவுக்காக ஸ்மூத்தனிங் பண்ணிக்கிட்டா. ஆறு மாசத்துல முன்நெத்தி முடி விரல்கடை அளவுக்கு ஒடிஞ்சு நின்னுச்சு. தாலி கட்டின போட்டோவுல இருக்குறது தன் முகம் மாதிரியே இல்லைன்னு சொன்னா பாருங்க, எனக்கு அதுதான் முடி ஒடிஞ்சதை விடக் கஷ்டமா இருந்துச்சு. கெராட்டின் ட்ரீட்மென்ட்னு பண்றதுல சிலது சூடு பட்டா ஃபார்மால்டிஹைடை வெளிய விடும். 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனுஷங்களுக்குப் புற்றுநோய் தர்ற பொருள்னு அறிவிச்சாச்சு. நாள் பூரா அந்தப் புகையில நிக்கிற பார்லர் அக்காவையும் நினைச்சுக்கங்க. 2015ல 'பிரேமம்' வந்து அனுபமா பரமேஸ்வரன் சுருட்டையைப் பாத்து ஊரே சொக்கினப்போ, நம்ம பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. ஒரு நிகண்டு செய்ய முடியாததை ஒரு சினிமா செஞ்சுச்சு!

அதுக்காகப் பழசு எல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன். அம்மாயி ஈர முடியைத் துண்டால படார் படார்னு அடிச்சு உதறும். சுருட்டைக்கு அதைவிடக் கெடுதல் கம்மிதான். காஞ்ச தலையில பேன் சீப்பு ஓட்டுறதும் அப்படித்தான். எண்ணெய் இல்லாம வெறும் அரப்பு போட்டா முடி வைக்கோலாயிடும், தூளும் சுருளுக்குள்ள சிக்கிக்கும், துணியில வடிகட்டித்தான் ஊத்தணும். ஆனா அதே அம்மாயி வீட்டு ஈரிழைத் துண்டு அருமையான சமாச்சாரம். துருக்கித் துண்டு மாதிரி பூ பூவா இருந்து முடியை இழுக்காது. தலையைக் குனிஞ்சு, அதால கீழ இருந்து மேல அழுத்தி ஒத்தி எடுத்தா போதும். சிக்கை முடி ஈரமா, வழுவழுப்பா இருக்கும்போதே விரலால எடுத்துடுங்க. வடிகஞ்சியைத் தண்ணியா கரைச்சு நுனியில விட்டு, அளவு அளவா விரல்ல சுத்தி விட்டுட்டு, முழுசாக் காயற வரைக்கும் தொடாதீங்க. தொட்டா சிலும்பும்.

ஐப்பசி மழையில மட்டும் இது லேசுல காயாது. நெடுநல்வாடைக் காலத்துல அகில் புகை, இப்போ ட்ரையர். அதுல கூல் பட்டன் ஒண்ணு இருக்கும், முன்னாடி மாட்ட டிஃப்யூசர்னு ஒரு கிண்ணமும் வரும். அந்த ரெண்டையும் போட்டுக் காய வைங்க, கூட ஒரு கால் மணி ஆகும்.