பெர்மாகல்ச்சர்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கி, 1978-இல் வெளிவந்த தங்கள் நூலால் பரப்பிய சொல் இது. ‘நிலையான’, ‘வேளாண்மை’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு. பின்னாளில் ‘பண்பாடு’ என்றும் பொருள் விரிந்தது. இயற்கையில் மாறாதது ஏது, பிறகெப்படி ‘நிலையான’ என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே நிலைக்க வேண்டியது பயிரல்ல, மண். சரிவு நிலத்தை ஆண்டுதோறும் உழுதால் மேல்மண் மழையோடு போய்விடும். அந்த அரிப்பைக் கண்டுதான் அமெரிக்கப் புவியியலாளர் ஜே. ரஸ்ஸல் ஸ்மித் 1929-லேயே தம் மரப்பயிர் நூலுக்கு ‘நிலையான வேளாண்மை’ என்று துணைத்தலைப்பு வைத்தார். பெர்மாகல்ச்சர் முறையில் உயர்ந்த மரம், குறுமரம், புதர், கீரை, கிழங்கு, கொடி என்று காட்டைப்போல் அடுக்கி நட்டால் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்; உதிர்ந்த இலை மூடாக்காகும். பழைய முறைக்குப் புதுப்பெயர் என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எதன் அருகே எதை நடுவது என்பதைக் கற்பிக்கத்தக்க வடிவமைப்பு முறையாகத் திரட்டியது இச்சொல்லோடு வந்த உழைப்பு.