பரோல் முடிவுகளில் சைக்கோபதி மதிப்பீடு

சைக்கோபதி மதிப்பீடு என்பது குற்றவுணர்வின்மை, பிறர் துன்பத்தில் இரக்கமின்மை, வஞ்சகம், பொறுப்பின்மை போன்ற ஆளுமைக் கூறுகளை அளக்கும் உளவியல் முறை. வட அமெரிக்காவில் கைதியை விடுவித்தால் மீண்டும் வன்முறையில் இறங்குவாரா எனக் கணிக்க இது பயன்படுகிறது. இந்தியச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை.

அளவுகோல்

கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய சரிபார்ப்புப் பட்டியல் 1991இல் வெளியாகி, 2003இல் திருத்தப்பட்டது. இதில் 20 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 40இல் 30 அல்லது அதற்கு மேல் எடுத்தவரைச் சைக்கோபதி உள்ளவராகக் கொள்வது வட அமெரிக்க வழக்கம். பயிற்சி பெற்ற உளவியலாளர் கைதியை நேர்கண்டு, வழக்கு ஆவணங்களையும் படித்து மதிப்பெண் இடுகிறார்.

தமிழ்நாட்டு நடைமுறை

தமிழ்நாட்டில் பரோல் என்று சொல்லப்படுவது, 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் அவசரகால விடுப்பும் சாதாரண விடுப்பும்தான். கனடாவின் பரோலுக்கு ஓரளவு இணையானது, தண்டனைக்காலம் முடியுமுன் விடுவிக்கும் முன்விடுதலை. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், இதற்குப் பொதுவாகக் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருந்திருக்க வேண்டும்.

 உதாரணமாக, பாளையங்கோட்டை மத்திய சிறையிலுள்ள கைதி விண்ணப்பித்தால் நன்னடத்தை அலுவலர் குடும்பத்தையும் ஊரையும் விசாரித்து அறிக்கை தருகிறார். போலீஸாரின் கருத்தும் கேட்கப்படுகிறது. மறுக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

லட்சுமண் நஸ்கர் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம், முன்விடுதலைக்கு ஆராய வேண்டியவற்றுள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பையும் சேர்த்தது. அதை எப்படி அறிவது என்பதற்கு, ராஜோ எதிர் பீகார் மாநிலம் வழக்கு (2023) ஒரு வழி காட்டியது. நீதிபதியின் கருத்தையோ போலீஸ் அறிக்கையையோ மட்டும் நம்பாமல், தகுதியுள்ள உளவியலாளர் கைதியிடம் பேசி அப்போதைய நிலையில் தயாரிக்கும் அறிக்கையும் அரசிடம் இருப்பது நீதிக்கு உதவும் என்றது அத்தீர்ப்பு. அது எந்த அளவுகோலையும் குறிப்பிடவில்லை.

வரம்புகள்

மதிப்பெண் இடுபவரின் சார்பு முடிவைப் பாதிக்கக்கூடும். டேனியல் மரியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அரசுத் தரப்புக்காகப் பணியாற்றுவதாக நம்பிய வல்லுநர்கள் அதே கோப்புகளுக்கு எதிர்த்தரப்பினரைவிடக் கூடுதல் மதிப்பெண் இட்டனர்.

இளம்பருவக் குற்றம், சிறுவயது நடத்தைச் சிக்கல் போன்ற கூறுகள் பட்டியலில் இருப்பது இன்னொரு குறை. ஒருவர் சிறையில் படித்து, தொழில் கற்று, ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வாழ்ந்தாலும் இந்த மதிப்பெண்கள் குறைவதில்லை. மனிதர் மாறக்கூடியவர் என்பதே முன்விடுதலையின் அடிப்படை. எனவே, மாறாத கடந்தகாலத்தை எண்ணும் பட்டியல் அதற்குத் தனிச்சான்றாக முடியாது. கைதியின் சொந்த மொழியில் நடக்கும் புதிய நேர்காணல், சிறை நடத்தைப் பதிவு, நன்னடத்தை அலுவலர் அறிக்கை ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதற்குப் பயன் உண்டு. சைக்கோபதி மதிப்பீட்டு அறிக்கையைக் கைதி பார்த்து மறுப்புச் சொல்லவும் வழி இருக்க வேண்டும்.