பொறுத்தலும் மன்னித்தலும்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் இரு சொற்களின் வரலாறு

1. முன்னுரை

பொறுமையும் மன்னிப்பும் கிறித்தவ வாழ்வின் தலையாய அறங்களாகப் போற்றப்படுகின்றன. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இவற்றை வேறு வேறு சொற்களால் சுட்டுகிறது. தமிழிலோ ‘பொறு’ என்னும் ஒரே வினை நெடுங்காலமாக இரண்டையும் சுமந்து வந்துள்ளது. அந்த வினையிலிருந்து இரண்டு அறங்களையும் பிரித்துக்காட்ட விவிலிய மொழிபெயர்ப்பாளர் மேற்கொண்ட முயற்சியையும், அதனால் விளைந்த பேற்றையும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ‘பொறு’ வினையின் பொருட்பரப்பு

‘பொறு’ என்பதன் அடிப்படைப் பொருள் சுமத்தல். ‘பொறை’ என்பது பாரத்தையும் குறிக்கும். பாரத்தைத் தாங்கும் பண்பையும் குறிக்கும். ‘பொறுப்பு’ என்பதும் இவ்வேரினின்று பிறந்ததே. திருக்குறளின் 16ஆம் அதிகாரமான ‘பொறையுடைமை’, தன்னை அகழ்பவரையே தாங்கும் நிலத்தை உவமையாகக் கொண்டு தொடங்குகிறது. அடுத்த குறளில் பிறர் செய்த மிகையைப் பொறுத்தல் நன்று, மறத்தல் அதனினும் நன்று என்னும் கருத்து இடம்பெறுகிறது. தாங்குவதும், தாங்கியதை மனத்தினின்று நீக்குவதும் அங்கே ஒரே அறத்தின் இரு படிகளாக அமைகின்றன. ‘மன்னித்தல்’ என்னும் வினை குறளில் இல்லை.

பக்தி மரபில் இவ்வினை ‘அருள்’ என்னும் துணைவினையுடன் சேர்ந்து ‘பொறுத்தருள்’ என்றாயிற்று. பட்டினத்தார் பெயரால் வழங்கும், கச்சி ஏகம்பனை நோக்கிய பாடல் பிழைகளை வரிசைப்படுத்தி அவற்றைப் பொறுத்தருள வேண்டுவது பலரும் அறிந்தது. இங்கே ‘பொறு’ என்பதற்குக் காத்திரு என்பது பொருளன்று. குற்றத்தை நீக்கு என்பதே பொருள்.

வடமொழியின் ‘க்ஷமா’ என்னும் சொல்லும் பொறுமை, மன்னிப்பு, நிலம் ஆகிய மூன்றையும் குறிப்பது ஒப்புநோக்கத்தக்கது.

3. கிரேக்க மூலத்தின் பாகுபாடு

கிரேக்கத்தில் பொறுமைக்கே இரு சொற்கள் உள்ளன. ‘மக்ரோதூமியா’ என்பது சினத்தை நெடுநேரம் அடக்கி வைத்தல். பெரும்பாலும் மனிதரை நோக்கியது. ‘ஹுபொமொனே’ என்பது சுமையின்கீழ் விலகாது நிற்றல்; பெரும்பாலும் துன்பத்தை நோக்கியது. மன்னிப்பைக் குறிக்கும் ‘அஃபியெமி’ என்னும் வினைக்கோ போகவிடு, விடுவி என்பன பொருள். கடனைத் தள்ளுவதற்கும் அதே வினைதான்.

1871இல் வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பு ‘மக்ரோதூமியா’வைக் கலாத்தியர் 5:22இல் ‘நீடிய பொறுமை’ என்கிறது. 1 கொரிந்தியர் 13:4இல் அதே வேரிலிருந்து வந்த வினைக்கு ‘நீடிய சாந்தம்’ என்னும் தொடரைப் பயன்படுத்துகிறது. ‘நீடிய’ என்னும் அடை ‘மக்ரோ’ என்பதன் நேர்பெயர்ப்பு. உரோமையர் 5:3இல் வரும் ‘ஹுபொமொனே’ அடையின்றிப் ‘பொறுமை’ ஆகிறது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொதுமொழிபெயர்ப்பு முதற்சொல்லை இரு இடங்களிலும் ‘பொறுமை’ எனவும், இரண்டாவதை ‘மனவுறுதி’ எனவும் பெயர்த்துள்ளது. பாகுபாடு பழைய மொழிபெயர்ப்பில் அடையால் நிகழ்ந்தது. புதியதில் சொல்லாலேயே நிகழ்ந்துள்ளது.

4. இறைவேண்டலில் இரு மரபுகள்

இயேசு கற்பித்த இறைவேண்டலின் பழைய கத்தோலிக்க வடிவம் பாவங்களைப் ‘பொறுத்தருளும்’ என வேண்டியது. சீர்திருத்தத் திருச்சபையினரின் வடிவம் கடன்களை ‘மன்னியும்’ என்றது. முன்னது தமிழ்ப் பக்தி மரபின் நடையைத் தழுவியது. பின்னது கிரேக்கத்தின் கடன் உருவகத்தையும் தொடரமைப்பையும் காத்தது. ‘கடனாளிகளுக்கு மன்னிக்கிறது’ என நான்காம் வேற்றுமை வருவது இதனாலேயே. இன்றைய பொதுவழக்கு ‘என்னை மன்னியுங்கள்’ என இரண்டாம் வேற்றுமையையே நாடுகிறது. இன்று கத்தோலிக்கர் சொல்லும் வடிவத்திலும் ‘மன்னி’ என்பதே இடம்பெறுகிறது.

தெலுங்கின் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தின் ‘மன்னிசு’ ஆகிய வினைகள் மதித்தலையும் மன்னித்தலையும் ஒருங்கே குறிக்கும். வேண்டுவோனை உயர்ந்தோன் மதித்து ஏற்றுக்கொள்ளும் நிலையிலிருந்து இப்பொருள் கிளைத்தது எனக் கருத இடமுண்டு. ‘பொறு’ சுமப்பவனின் சொல் எனில், ‘மன்னி’ உரிமை உடையவனின் சொல் ஆகிறது.

5. ஒரு சோதனை: மத்தேயு 18

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதை மத்தேயு 18:23-35இல் வரும் உவமை காட்டுகிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் தலைவனின் காலில் விழுந்து, ‘மக்ரோதூமியா’வின் வினைவடிவத்தால் தவணை மட்டுமே கேட்கிறான், முழுவதையும் தீர்ப்பதாக வாக்களிக்கிறான். தலைவனோ ‘அஃபியெமி’ என்னும் வினைக்குரிய செயலைச் செய்து கடனையே தள்ளிவிடுகிறான். கேட்டது பொறுமை, கிடைத்தது மன்னிப்பு. உவமையின் உயிர் இந்த இடைவெளியில் உள்ளது. அப்பணியாளன் பின்னர்த் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளன் அதே சொற்களால் கேட்ட தவணையைக்கூடத் தர மறுக்கிறான்.

1871இன் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘பொறுமையாயிரும்’ என்கிறது, இடைவெளி காக்கப்படுகிறது. 1995இன் மொழிபெயர்ப்பு ‘பொறுத்தருள்க’ என்கிறது. நடையழகு மிக்கது எனினும், பழைய இறைவேண்டலில் மன்னிப்பைக் குறித்த அதே வடிவம் இது. அதில் பழகிய செவி, பணியாளன் மன்னிப்பையே கேட்டதாகக் கொள்ளும். ஆயினும் இதனை அடுத்துக் கடனைத் ‘தள்ளுபடி’ செய்ததாகக் கூறியிருப்பது, கிரேக்க வினையின் பொருளாதாரப் பொருளை மீட்டுத் தருகிறது.

6. மும்பைத் தமிழரின் மொழிச்சூழல்

வடாலா, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினருமான தமிழர் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். இவர்கள் நாள்தோறும் கேட்கும் ‘மாஃப்’ என்னும் சொல் அரபு வேரினது. மராத்தியில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கும், உழவர் கடனை அரசு தள்ளுவதற்கும் இதுவே சொல். பின்னது ‘கர்ஜமாஃபி’ எனப்படும். கடனும் குற்றமும் ஒரே வினையால் நீங்கும் கிரேக்க வழக்கு மும்பைத் தமிழருக்குத் தெருவிலேயே விளங்கிவிடுகிறது. தமிழில் கடனுக்குத் ‘தள்ளுபடி’, குற்றத்திற்கு ‘மன்னிப்பு’ எனச் சொற்கள் பிரிந்துவிட்டன.

7. முடிவுரை

1999 சனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்சும் அவர்தம் இரு மைந்தரும் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். இச்செயலைத் தமிழில் ‘மன்னித்தார்’ என்றே சொல்ல இயலும். ‘பொறுத்துக்கொண்டார்’ என்றால், வேறு வழியின்றிக் கொடுமைக்கு இசைந்தார் என்று பொருள்படும். இன்றைய தமிழில் இரு சொற்களும் அத்துணை விலகிவிட்டன.

இவ்விலகல் ஒரு பேறு. தீங்குற்றவரிடம் ‘பொறுத்துக்கொள்’ என்பது பணிவைக் கோருகிறது. ‘மன்னி’ என்பது, மன்னிக்கவோ மறுக்கவோ அவருக்குள்ள உரிமையை ஏற்கிறது. ஒடுக்கப்பட்டோர் நிறைந்த சபைகளில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இழப்பும் உண்டு. மன்னிப்பவர் ஒரு சுமையைத் தாமே ஏற்கிறார் என்னும் உண்மையைப் ‘பொறு’ சொல்லாமற் சொல்லியது. ‘மன்னி’ அதைச் சொல்வதில்லை. எனவே, இடம் நோக்கித் தவணைக்கும் துன்பத்திற்கும் ஏற்ற சொல்லைத் தேர்வதும், குற்றம் நீக்கத்திற்குப் ‘பொறு’ வேரை ஆளும்போது ஐயத்திற்கு இடமின்றி ஆளுவதும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும்.