கப்பலேறிய ஆர்க்கிட்கள்

ஆசையாக வாங்கி வந்த ஆர்க்கிட் செடி, வீட்டுக்கு வந்த பத்தே நாளில் மொட்டுகளை உதிர்த்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் பலர். இது இன்று தோன்றிய பிரச்சினை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களுக்கும் இதே கவலைதான் இருந்தது!

1818 இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஒரு செடியை வில்லியம் காட்லி என்ற வணிகர் வளர்த்தார். தாவரவியல் அறிஞர் ஜான் லிண்ட்லி அதற்கு அவர் பெயரையே சூட்டி 'காட்லியா' என்று அழைத்தார். அதன் பிறகு பிரபுக்களையும் வணிகர்களையும் ஆர்க்கிட் மோகம் பிடித்துக்கொண்டது.

ஆனால் வந்த செடிகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. கப்பலின் அடித்தளத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருட்டு. மேல்தளத்தில் வைத்தால் உப்புக்காற்றும் கடல்நீரும். ஈரத்தோடு கட்டி அனுப்பினால் அழுகல். இவற்றையெல்லாம் தாண்டி வந்த செடிக்கு வேறொரு ஆபத்து காத்திருந்தது. 'வெப்பநாட்டுச் செடிதானே' என்று காற்றே புகாத, அனல் பறக்கும் கண்ணாடி வீட்டில் அதை அடைத்தார்கள். சாதாரணச் செடி போல மண்ணில் நட்டார்கள். மரக்கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் வேருக்குக் காற்று வேண்டும் என்பதும், அவற்றில் பல குளிர்ந்த மலைகளைச் சேர்ந்தவை என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பயணத்திற்கு வழி கண்டவர் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு. 1829 இல், மூடிய பாட்டிலில் அவர் வைத்திருந்த மண்ணில் ஒரு பெரணி தானாகவே முளைத்தது. செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதே காரணம். 1833 இல் இப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிப் பார்த்தார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. வெளிச்சமும் கிடைத்தது, உப்புக்காற்றும் படவில்லை.

டெவன்ஷயர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். 1835 இல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் காசி மலைகளில் செடிகள் சேகரித்து, 1837 இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளோடு திரும்பினார். பாக்ஸ்டன் அவற்றை ஒரே அனலில் அடைக்காமல், வெவ்வேறு வெப்பநிலை கொண்ட தனித்தனி கண்ணாடி வீடுகளில் காற்றோட்டத்தோடு வளர்த்தார்.

அதே காசி மலைகளுக்கு 1850 இல் சென்றவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். அங்கே காற்றும் வெயிலும் படும் ஓக் மரங்களில் நீல வாண்டா ஆர்க்கிட் பூத்துக் குலுங்கியது. இங்கிலாந்தில் அதை வளர்க்கும் முறைக்கு இது நேர்மாறாக இருப்பதை அவர் கவனித்தார். கியூ தோட்டத்திற்காக ஏழு ஆள் சுமை செடிகளைச் சேகரித்தார். அவற்றில் மிகச் சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்னொருவர் ஒரே ஒரு ஆள் சுமை அனுப்பினார். அது மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலைபோனது. ஒரு செடிக்கு 3 முதல் 10 பவுண்டு வரை கிடைத்தது!

லாபக் கணக்கு இப்படி இருக்கும்போது யார் சும்மா இருப்பார்கள்? வழியில் எத்தனை செத்தாலும் மிஞ்சியது லாபம் தந்ததால், காடுகள் சுரண்டப்பட்டன. செத்த செடிகளின் விலையைக் கொடுத்தது காடுதான். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. பிற்காலத்தில் இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீல வாண்டாவைப் பாதுகாக்க வேண்டிய நிலை வந்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. ஆனால் பழைய பாடம் மாறவில்லை. காட்டு நிழலில் வாழ்ந்த ஃபெலனாப்சிஸ் வகைக்குக் கிழக்கு ஜன்னலின் மென்மையான வெளிச்சம் போதும். வாண்டாவை அந்த நிழலில் வைத்தால் இலை கரும்பச்சையாகுமே தவிர, பூ வராது. வெளிச்சம் குறைந்த அறையில் தண்ணீரையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகும். வீடு மாறும்போது செடியைச் சற்றுக் காயவிட்டு எடுத்துச் செல்வது நல்லது. போன உடனே உச்சி வெயிலில் வைக்கக் கூடாது. தொட்டியையும் அப்போதே மாற்றாமல் சில வாரம் பழகவிட வேண்டும்.

செடி எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்டிருந்தால், கண்ணாடி வீடுகளில் மடிந்த செடிகளில் பல பிழைத்திருக்கலாம். தொட்டியில் ஒரே ஒரு ஆர்க்கிட் வைத்திருப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.