லேடி டாக்டர் இருக்காங்களா?

சில வருடங்களுக்கு முன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். டோக்கன் போடும் இடத்தில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "லேடி டாக்டர் இருக்காங்களா?" இல்லை என்றதும், "சரிப்பா, இன்னொரு நாள் வரலாம்" என்று திரும்பிவிட்டாள். அந்த இன்னொரு நாள் வர எட்டு மாதமானது. அன்று இருந்த பெண் மருத்துவரிடம் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று.

நான் மென்பொருள்காரன். யாரும் பதிவு செய்யாத பிழையை எங்கள் வேலையில் யாரும் சரிசெய்வதில்லை. அம்மாவின் வலியும் அப்படித்தான் கிடந்தது. அவள் கேட்ட கேள்வி எவ்வளவு பழையது என்று தேடப்போய்த்தான் மேரி ஷார்லீப்பைப் படித்தேன்.

1866-இல் வழக்கறிஞரான கணவருடன் மெட்ராஸ் வந்தவர் அவர். இங்கே பல வீடுகளில் பிரசவம் சிக்கலானாலும் ஆண் மருத்துவரை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். முதலில் பேறுகாலப் பயிற்சி எடுத்தார், போதவில்லை. 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி அவரோடு சேர்த்து 4 பெண்களை மாணவிகளாக ஏற்றது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தராத காலம் அது. 3 வருடம் கழித்து அந்தக் கதவும் திறந்தது. அங்கேயும் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1885-இல் அவர் முயற்சியில் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கியது. இன்று அது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றாலே போதும்.

கோஷா என்றால் திரைக்குப் பின்னால் இருப்பது. திரையை விலக்காமல் அதற்குள்ளேயே ஆஸ்பத்திரி கட்டியது சமரசம் இல்லையா என்று முதலில் எனக்கும் தோன்றியது. அம்மாவின் எட்டு மாதத்தை நினைத்தபின் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஊர் திருந்தும்வரை நோய் காத்திருக்காது.

ஆனால் அதோடு நின்றிருந்தாலும் போதாது. அதே மருத்துவக் கல்லூரியில் 1907-இல் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னர் மெட்ராஸ் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவரும் ஆனார். குழந்தைத் திருமணத்தின் விளைவு என்ன என்று ஒரு மருத்துவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுமிகளின் திருமண வயதை உயர்த்தச் சொல்லி அவர் பேசியதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருந்தது. தேவதாசி முறையை எதிர்த்தும் போராடினார். அவருடைய தாயார் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அந்த ஒழிப்பு பல பெண்களின் பிழைப்பையும் கலையையும் சேர்த்தே பறித்தது என்ற விமர்சனம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் சட்டத்தோடு நிற்கவும் இல்லை. 1930-இல் அந்த முறையிலிருந்து தப்பிவந்து தங்க இடமில்லாமல் நின்ற பெண்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பல வருடம் போராடி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். படுக்கைகள் 12. மறுவருடம் அங்கே சேர்ந்த சாந்தா என்ற இளம் மருத்துவர், 2021-இல் இறக்கும்வரை அதை விட்டுப் போகவில்லை.

இவர்கள் எல்லோரும் செய்த வேலை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மூடிய அறைக்குள் ஒரு பெண் சொன்னதைக் காதில் வாங்கி, அறைக்கு வெளியே கொண்டுபோனார்கள்: ஒரு ஆஸ்பத்திரியாக, ஒரு தீர்மானமாக, ஒரு வீடாக.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அம்மாவிடம் கேட்டேன்: "ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"அந்த டாக்டரம்மா உக்கார வெச்சு, எத்தனை நாளா இருக்கும்மான்னு கேட்டாங்க. நீங்க யாரும் கேக்கலையேப்பா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஊருக்கு போன் செய்யும்போது சாப்பிட்டியா என்பதோடு நிறுத்துவதில்லை.